கோடு விழாத நாள்

ஆபீசர்ஸ் லைனில்
வங்காள எழுத்தில் லாட்ஜ் பலகை தொங்கும் சந்து,
மாடிப்படிக்குக் கீழே இம்தியாஸின் கடை.
மூன்று டியூனர்களைக் கண்ணாடிமேல் பரப்பினார்
சீட்டு போடுகிறவர் மாதிரி.

"ஹோம் தியேட்டரா மேடம்? சார் கேட்டாரா?"

நான்தான் கேட்கிறேன்.
ரத்த வங்கியில் இரவு வேலை எனக்கு.
ஆஸ்திரேலியாவில் முதல் பந்து விழும்போது
வேலூரில் மார்கழி ஐந்து மணி.
பைகளை எண்ணிக்கொண்டிருப்பேன்:
ஓ நெகட்டிவ் இரண்டு, ஏபி ஒன்று.
ஸ்கோரை லிஃப்ட்காரர் வாயால் கேட்பது
டெஸ்ட் மேட்ச் பார்ப்பதில் சேராது.

வெளியே வைக்கிற பெட்டி ஒன்று.
கம்ப்யூட்டரை எழுப்பாமலே படம் காட்டும்,
காட்டியதை அப்போதே மறந்துவிடும்.
தணிகைவேல் அதைத்தான் வாங்கச் சொல்லியிருந்தார்.
உள்ளே செருகுவதில் இரண்டு.
ஒன்றுக்குப் படத்தைத் தானே சுருக்கத் தெரியும்,
நெற்றியில் தகர மூடி,
விலை என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு.
மற்றது மொட்டை.
எல்லா வேலையையும் புராசசர் தலையில் கட்டும்.
ரிமோட் இரண்டுக்கும் உண்டு,
பேட்டரி இரண்டுக்கும் இல்லை.

மொட்டையை எடுத்தேன்.
"கோடு விழலாம்" என்றார் இம்தியாஸ்.
"ஏழு நாளைக்குள்ள மாத்திக்கலாம்,
டப்பாவ மட்டும் கிழிச்சிடாதீங்க."

சாய்நாதபுரம் வீட்டில்
கம்ப்யூட்டரின் பக்கக் கதவைக் கழற்றிச் சாய்த்து
டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன்.
கேபிள்காரர் ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்ட ஒயர்
அதுவரைதான் எட்டியது.
எங்கள் கல்யாண வீடியோவை சிடிக்கு மாற்றி
வட்டில் இடம் பிடித்தேன்.
நாலு ஐம்பத்தைந்து முதல் எட்டு வரை
பதிவு செய் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனேன்.

திரும்பும் வழியில்
ஷேர் ஆட்டோவில் எஃப்எம் வாய் திறந்தால்
இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.
டீக்கடைப் பக்கம் முகம் காட்டவில்லை.
இட்லித் தட்டோடு உட்கார்ந்து, காலை நீட்டி,
காலை ஐந்து மணியை ஒன்பதரைக்குத் தொடங்கினேன்.

ஆறு பத்துக்கு ஒரு தடித்த பட்டை
கீழிருந்து மேலே ஏறியது. மேல்வீட்டு மோட்டார்.
ஆறு ஐம்பதுக்குப் பிட்ச் முழுக்க வெள்ளை எறும்பு.
இரண்டு நிமிடம். ஒரு நிறுத்தம். மறுபடி அரை நிமிடம்.
மிக்சி.
தேங்காய் முதலில், தண்ணீர் விட்டு மீண்டும்.
ஒரு விக்கெட் அப்படியே சட்னிக்குள் போய்விட்டது.

திட்டிக்கொண்டே தொட்டுச் சாப்பிட்டேன்.
நான் இல்லாத வீட்டின் காலை
ஸ்லிப் ஃபீல்டர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை,
"நானே அரைச்சது, எப்படி?" என்று கேட்டுவிட்டு
தணிகைவேல் ஆபீசுக்குப் போனார்.
நன்றாகத்தான் இருந்தது,
பொட்டுக்கடலை கொஞ்சம் தூக்கல்.
படம் போட்டேன். மோட்டார் பட்டை வந்தது, போனது.
அதற்குப் பிறகு
பந்தின் தையல்வரை தெரிகிற தெளிவு.
ஆறரை, ஏழு, ஏழரை.
ஒரு எறும்பும் இல்லை.
முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன்.
முனை மெஸ்ஸில் இதே சட்னிதான்.

ரத்தம் என்றால்
இரண்டாவது சாம்பிள் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன்.
சனிக்கிழமை அதுவும் வந்தது.
அன்றும் கேட்டார், "எப்படி?"
அன்றும் சொன்னேன், "சூப்பர்."

ஏழாம் நாள், டப்பா கிழியாமல்,
படியிறங்கி அந்தச் சந்துக்குப் போனேன்.
"கோடு விழுதா மேடம்?"
விழுது.
விழாத நாள்தான்
என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.
அவர் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.
மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்து
மூடி போட்டதை வாங்கிக்கொண்டேன்.
இனி அவர் அரைத்தாலும் அரைக்காவிட்டாலும்
எனக்குப் பந்து தெரியும்.

நாளை மறுநாள் சிட்னி.
லாங் பஜாரில் ரிமோட்டுக்கு இரண்டு பேட்டரி,
நன்றாக முற்றிய தேங்காய் ஒன்று.